இமைக்காத கண்

ஊசி போடும்போதுகூட அக்கா கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அவளிடம் இருந்த ஒரே குறை அதுதான், ஐயா.

சுடுதளத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவன் நான். அக்கா தையல் கம்பெனியில் மேற்பார்வையாளர். கை நடுங்கவே நடுங்காது. அவளை முந்நூறு மீட்டர் போட்டிக்குத் தயார் செய்தது நான்தான். அதற்கான போல்ட் துப்பாக்கி, ஒவ்வொரு தோட்டாவுக்கும் பக்கத்துப் பிடியைக் கையால் இழுத்துப் பூட்டுவது, பின்னால் உதைக்கும். உதை பெரிதல்ல, உதைக்கப்போகிறது என்ற நினைப்புதான் ஆளைக் கெடுக்கும். விசையை அழுத்துமுன்பே இமை மூடும், தோள் சுருங்கும், குறி தாழும். அதனால்தான் அணிக்கு ஆள் எடுக்கும் மூன்று தேர்வுகளில் நான் தோற்றேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனவன் நான். அக்காவின் இந்தத் தேர்வை விட்டால் அடுத்ததற்கு இன்னும் இரண்டு வருடம். என்னால் காத்திருக்க முடியாது, ஐயா.

தோளில் சாய்க்கும் துப்பாக்கிக் கட்டையை அவள் கைநீளத்துக்குக் குறைத்தேன். தோள்குழியில் அழுத்திப் பிடிக்கப் பழக்கினேன். பிறகு தோட்டாவை நானே போட்டுக் கொடுத்தேன். சில நிஜம், சில மருந்தில்லாத வெற்று. எது எதுவென்று அவளுக்குத் தெரியாது. வெற்றுத் தோட்டாவுக்கும் குழல் துள்ளினால், துள்ளியது துப்பாக்கியல்ல, அவள்தான்.

“டேய், என்னைப் பைத்தியமாக்காம விடமாட்ட,” என்று சிரித்தாள். மூன்றாம் வாரம் துள்ளல் நின்றது.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. “வலது கண்ணுல ஈ பறக்குற மாதிரியே இருக்குடா,” என்றாள். கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். படிவத்தில் என் போன் நம்பரைத்தான் எழுதினேன். மறுநாள் ஸ்கேன் முடிவை வாங்க நான் மட்டும் போனேன்.

“விழித்திரை கிழிஞ்சிருக்கு. இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. ஒரு குலுக்கல்கூடப் படக்கூடாது,” என்றார் மருத்துவர்.

வழியில் டீ குடித்தேன். நிதானமாக யோசித்தேன். பன்னிரண்டு நாள்தானே?

“என்னடா சொன்னாங்க?”

“வெறும் களைப்பாம், அக்கா. சொட்டு மருந்து போட்டா சரியாயிடும்.”

“நீ சொன்னா சரி.”

மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை அழைத்தார்கள். நான் எடுக்கவில்லை.

தினம் அறுபது தோட்டா. ஈக்கள் கூடின. ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது என்றாள், வெயில் என்றேன். ஒன்பதாம் நாள் ஐந்து தோட்டாக்கள் விழுந்த இடத்தை ஒரு நாணயத்தால் மூடிவிடலாம். பக்கத்தில் நின்று அவள் கண்ணையே பார்த்தேன். இமைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஐயா.

“இன்னொன்னு சுடட்டுமா?” என்றாள். சுடு என்றேன்.

சுட்டவள் கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்கவில்லை. “யாருடா திரையை இழுத்துவிட்டது?” என்றாள்.

சுடுதளத்தில் திரை ஏது?

முன்பே வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் அவள் எதிரிலேயே சொன்னார். “உனக்குத் தெரியுமாடா?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். மறைக்கவில்லை, அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்றும் போய்ப் பார்த்தேன். “இடது கண்ணு நல்லாத்தானே இருக்கு, அக்கா. இடது பக்க போல்ட் வெச்சதா ஒண்ணு ஏற்பாடு பண்றேன். அடுத்த தேர்வுக்கு ரெண்டு வருஷம் கெடக்கு,” என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வேண்டாம் என்று சொல்லவில்லை, ஐயா.