மூடாத கோடு

எக்ஸ்ரே அறையில் நான் பேசுவது மிகக் கொஞ்சம், மேடம். "கையை இப்படி வையுங்க, அசையாதீங்க." அவ்வளவுதான். எப்பேர்ப்பட்ட ஆளும் மறுபேச்சில்லாமல் கேட்பார். வீட்டில் என் பேச்சைப் பூனைகூட மதிக்காது. அதனாலோ என்னவோ, எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

என் தங்கை மகளின் கல்யாணத்தை, அதற்கு முந்தின நாள் சமூக நல அதிகாரியாக வந்து நிறுத்தியது நீங்கள்தான். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்று உங்களுக்கு யாரோ போன் செய்திருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, பள்ளியில் வயதைக் குறைத்துச் சொல்லிச் சேர்த்தோம் என்று தங்கை சாதித்தாள். சரி, எலும்பைப் பார்த்து வயதைச் சொல்லட்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். அங்கே படம் எடுப்பவன் அவளுடைய தாய்மாமன் என்று உங்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவில்லையே.

அவளுக்குப் பதினைந்து. அவள் பிறந்த அன்று வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தவன் நான், எனக்கா தெரியாது.

தங்கை காலையிலேயே வந்து அழுதாள். "புருஷன் இல்லாதவ நான். இது நின்னு போச்சுன்னா என் பொண்ண அப்புறம் யாருண்ணா கட்டுவா? ஊர் வாய மூட உலைமூடி இல்ல. எல்லாம் உன் கையிலதான் இருக்கு."

பிறகு அந்தப் பிள்ளை உள்ளே வந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களா மாமா எடுக்கப்போறீங்க? அப்பாடா." கதவைச் சாத்தியதும் குரலைத் தாழ்த்தினாள். "போன் பண்ணினது நான்தான். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. இது நின்னதும் உங்க வீட்ல இருந்து படிக்கட்டுமா மாமா? அக்கா ரூம்ல ஒரு ஓரமாப் படுத்துக்கறேன்."

"சொல்லமாட்டேன். மத்ததைப் பார்க்கலாம்" என்றேன்.

படம் சுத்தமாக வந்தது. மணிக்கட்டை ஒட்டி, எலும்பின் நுனியில் ஒரு கறுப்புக் கோடு. வளரும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அது இருக்கும், வளர்ச்சி முடிந்ததும் மூடிக்கொள்ளும். அவளுக்கு நன்றாகத் திறந்திருந்தது.

மதியம் என் மகள் சாப்பாடு கொண்டுவந்தாள். அவளுக்குப் பத்தொன்பது, கல்லூரியில் படிக்கிறாள். மெஷினைச் சரிபார்க்கணும், இடது கையை வைம்மா என்றேன். "என் கை என்னப்பா, ஸ்க்ரூ டிரைவரா?" என்று சிரித்துக்கொண்டே வைத்தாள். அவளுக்குக் கோடு மூடியிருந்தது. எலும்புக்கு முகம் கிடையாது, மேடம். அந்தப் படத்தைத் தங்கை மகளின் பெயரில் டாக்டருக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையின் படத்தை அழித்தேன். பதினெட்டு நிரம்பியவள் என்று டாக்டர் எழுதினார். அவர்மேல் தப்பில்லை. அடுத்த வாரமே கல்யாணம் நடந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

போன் செய்தது அவள்தான் என்பதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான்.

தங்கைக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. தங்கை அழுததற்காக இல்லை. உங்க வீட்ல இருந்து படிக்கட்டுமா என்றாளே, அதற்குத்தான். எங்கள் வீட்டில் இரண்டே அறை. மகளுக்கு அப்போது பரீட்சை நேரம். அவள் அறையில் இன்னொரு படுக்கை போட எனக்கு மனசில்லை. அந்த மகளைப் பெண் கேட்டு வந்தவர்களை, படிப்பு முடியட்டும், சின்னப் பிள்ளைதானே என்று திருப்பி அனுப்பியவனும் நான்தான்.

போன வாரம் தங்கை மகளை அவள் புருஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தான். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர்" என்று சொன்னது நான். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எக்ஸ்ரே அறையில் அந்தக் கையை அவளே மறுகையால் தூக்கிப் பலகைமேல் வைத்தாள்.

"இந்தத் தடவை என் கையத்தானே மாமா எடுப்பீங்க?"

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. இதோ, உங்கள் மேஜைமேல் இருப்பது அதுதான். மேலே தெரிவது முறிவு. அதற்குக் கீழே இருக்கிறதே, அந்தக் கறுப்புக் கோடு, அது இன்னும் மூடவில்லை.

அவள் அப்படிக் கேட்டதற்கும் அசையாதே என்றேன். வலி உயிர் போயிருக்கும், ஆனால் அசையவில்லை. நல்ல பிள்ளை, மேடம். சொன்னால் கேட்பாள்.