முதலில் அம்மா பார்க்கட்டும்

மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டர் தேவானந்தம் அவர்களே, மறைந்த நம் சிஸ்டரின் கணவர் வில்பிரட் அண்ணன் அவர்களே, சேலையூரிலிருந்தும் பம்மலிலிருந்தும் பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! கிழக்குத் தாம்பரம் ஹார்டுவேர் கடை குப்புராஜின் வணக்கம்.

ஆபரேஷன் தியேட்டர் செவிலியர் ஞானஜோதி அம்மையார் நம்மை விட்டுப் போய் ஐந்து நாள் ஆகிறது. சைக்கிளில் ஆணி விற்று மேலே வந்தவன் நான். யாரையும் லேசில் புகழ மாட்டேன். இந்த அம்மாவைப் புகழ எனக்கு வார்த்தை போதவில்லை!

எண்பத்தாறில் என் மனைவி தனத்துக்கு வேறோர் ஆஸ்பத்திரியில் சிசேரியன். முழு மயக்கம். குழந்தை வெளியே வந்ததும் என் அம்மா நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார். பிறகு அத்தை, சித்தி, மதினி என்று பதினோரு மடி மாறியது. நான் கடையில் சாக்லேட்டே கொடுத்து முடித்துவிட்டேன். சாயங்காலம் கண் விழித்த தனம் பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள்: "இது யார்து?"

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. மூன்று மாதம் அவளுக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. பெற்றவளுக்குக் கடைசியில் காட்டினோமே, என்ன நியாயம் அது? அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் இரண்டாவது பிரசவம், இந்த டாக்டரிடம். முதுகில்தான் ஊசி, தனம் விழித்திருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. அழுகைச் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. பத்தரைக்கு ராகு காலம். விடுவேனா? கதவைத் தட்டினேன்.

"சிஸ்டர், ராகு காலம் வந்துகினு கீது! கொயந்தைய குடுங்க!"

"ராகு வெளியவே நிக்கட்டும் அண்ணா, உங்களுக்குப் பேச்சுத் துணையா. மொதல்ல அம்மா பாக்கட்டும்."

உள்ளே டாக்டரின் குரல்: "ஜோதி, குழந்தைக்குக் குளிரப் போகுது."

"துணிய சூடு பண்ணி வெச்சிருக்கேன் சார். நீங்க தையலப் பாருங்க."

டாக்டர் சார் சிரிக்கிறார், பாருங்கள்!

பிறகு சிஸ்டர் எனக்கொரு தொப்பியை மாட்டி, தியேட்டருக்குள் கதவோரம் நிற்கவைத்தார். திரைக்கு அந்தப் பக்கம் தையல் நடக்கிறது. இந்தப் பக்கம், பலகையோடு கட்டியிருந்த தனத்தின் கையை அவிழ்த்துவிட்டு, பிள்ளையை மார்பில் படுக்கவைத்தார். வீறிட்டுக்கொண்டிருந்தது. தனம், "வந்துட்டியாடி?" என்றாள். அவ்வளவுதான். அழுகை நின்றது! பிறந்து பத்து நிமிஷம் ஆகாத உயிர், குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியது! கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

அன்று முதல் எத்தனை தாய்மார்களுக்கு இதைச் செய்தார்! சண்டை போட்டுச் செய்தார்!

ஆனால் நேற்று அதே தியேட்டரில் பம்மல் அருள்மேரிக்கு ஆபரேஷன். வெளியே நின்ற கூட்டம் குழந்தையைக் கேட்டது. புது நர்ஸ் குழந்தையை நேராகக் கொடுத்துவிட்டார். அருள்மேரி மத்தியானம்தான் பார்த்தாளாம். அந்த நர்ஸை நான் குறை சொல்லவில்லை. கதவைத் தட்டும் என்னைப் போன்றவர்களைச் சமாளிக்க ஒரு ஞானஜோதி அல்லவா வேண்டும்?

டாக்டர் சார், சபையில் வைத்துக் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். முதல் அரை மணி நேரம் தாய்க்குத்தான் என்று உத்தரவு போடுங்கள். வெளியே கூடும் கூட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பேரம் பேசியே வளர்ந்தவன், மாமியார்களிடம் பேச மாட்டேனா?

தலையசைத்துவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

பின்வரிசையில் இருக்கும் சம்பந்தம், உன் மருமகளுக்கு நாளைக் காலை ஏழு மணிக்குத்தானே ஆபரேஷன்? கடையை மச்சான் திறப்பான். ஆறரைக்கெல்லாம் நான் தியேட்டர் வாசலில் இருப்பேன்.