மீதமிருக்கும் ஒரு சர்க்கரைக் கூம்பு

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்து, கைநாட்டுக்காரனான என் கையில் இன்று ஒலிபெருக்கியைக் கொடுக்கத் துணிந்த அவைத் தலைவர், தலைமையாசிரியர் பெஹ்ருஸி அவர்களே, வலப்பக்கம் வீற்றிருக்கும் மாப்பிள்ளை வீட்டாரே, இடப்பக்கம் இருக்க இடமின்றி நெருங்கி அமர்ந்திருக்கும் எங்கள் வீட்டாரே, நாங்கள் பேசித் தீர்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் தாய்மார்களே, குண்டு விழுந்தபோதும் விழுந்த பின்னும் இந்த மண்ணை விடாத கொர்ரம்ஷஹர்ப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் கிழவன் அப்துன்னபியின் சலாம்.

என் பேத்தி ரெய்ஹானேயின் நிச்சயத்துக்கு வந்திருக்கிறீர்கள். மோதிரம் வந்தது, இனிப்பு வந்தது, இத்தனை உறவும் வந்தது. நாள் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை?

வரும் வியாழன் திருமணம் என்றுதான் பேசியிருந்தோம். இன்று காலை மாப்பிள்ளையின் தந்தை மந்தனி என் வீட்டுக்கு வந்தார். தேநீரைக் குடிக்காமலே குவளையைக் கீழே வைத்தார்.

"மாமா, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். அமெரிக்காவுல அந்தப் பெரிய மனுசன் நாற்காலிய விட்டு எறங்க இன்னும் ஒரு மாசம் இருக்கு. எறங்கட்டும்."

"அவன் எறங்குறதுக்கும் உன் மவன் மணவறை ஏறுறதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"வீட்டைக் காலி பண்றவன் சும்மாவா போவான்? சுவத்துல அடிச்ச ஆணியையும் பிடுங்கிட்டுல்ல போவான். நமக்குக் கிழக்க ஒரு போர், மேற்க ஒரு போர் மூட்டினவன். நடுவுல இருக்கிற நம்மகிட்ட மட்டும் நலம் விசாரிச்சிட்டா போவான்?"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் ரொட்டிக்கடைக்காரர் ஏன் நான்கு மூட்டை மாவை அதிகம் வாங்கி அடுக்கியிருக்கிறார்? கேட்டால், விலை ஏறுமாம். நம் தெருவில் சன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக ஏன், குண்டு வெடித்தால் சிதறாமலிருக்க ஒட்டுவோமே, அந்தப் பசைத்தாள் முளைத்திருக்கிறது? கேட்டால், காற்று அதிகமாம். டிசம்பர் மாதத்துக் காற்றுக்கு இந்த ஊர் இதற்கு முன் எப்போது பயந்தது? ஐந்து வருடத்துக்கு முன், எல்லை ஆற்றின் அக்கரையில் அந்தப் பெரிய மனுசன் போட்ட குண்டில் வானம் வெந்து சிவந்ததை மாடியில் நின்று பார்த்தவர்கள் நாம். மந்தனியின் பயம் பைத்தியக்காரப் பயம் அல்ல. அது பட்டவன் பயம்.

ஆனாலும் பெரியோர்களே, இன்னும் பத்து நாளில் முஹர்ரம் பிறக்கிறது. அடுத்து சஃபர். துக்கத்தின் அந்த இரண்டு மாதமும் நம் வீடுகளில் மேளம் இல்லை, மருதாணி இல்லை, மணம் இல்லை. மந்தனி கேட்பது ஒரு மாதம். காலம் எடுத்துக்கொள்வது இரண்டு மாதத்துக்கு மேல். அதற்குள் போனவன் போயிருப்பான், வந்தவன் எப்படியோ, அவனையும் பார்த்துவிட்டுச் செய்வோம் என்போம். பயத்துக்கு முதல் தவணைதான் உண்டு, கடைசித் தவணை கிடையாது.

இது எனக்கு எப்படித் தெரியும்? எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு மறக்கவும் தெரியாது. ஆகையால் சொல்கிறேன்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன், இதே போல ஒரு வியாழன். அதோ, தூணருகே அமர்ந்திருக்கிறாளே என் தங்கை நுஸ்ரத், அவளுக்கும் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டிய ஜாசிமுக்கும் திருமணம் வைத்திருந்தோம். திங்கட்கிழமை முதல் குண்டு விழுந்தது. செவ்வாய்க்கிழமை ஜாசிம், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு, என் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, முல்லாவைக் கூப்பிடுங்க. கால் மணி நேர வேலை. முடிச்சிடலாம்."

"விருந்து இல்லாம, ஊர் இல்லாம, என் தங்கச்சிய ஒளிச்சு வச்சா குடுப்பேன்? அறுபது கிலோ மீன் சொல்லியிருக்கேன். ஒரு வாரம் பொறு, எல்லாம் அடங்கிடும்."

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். மீன் குழம்புக்கென்று நுஸ்ரத் பெரிய சட்டியில் புளி ஊற வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா நுஸ்ரத்? உங்க அண்ணன் புளியோட சேத்து என்னையும் ஒரு வாரம் ஊறப் போடுறாரு."

"நல்லா ஊறு. அப்பவாவது வாய் அடங்குதான்னு பாப்போம்" என்றாள் அவள்.

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. அதற்குமேல் பேச என் வறட்டு கௌரவம் நேரம் கொடுக்கவில்லை.

மறுநாளே வீட்டைவிட்டு ஓடினோம். அடையாளப் புத்தகங்களை எடுக்கச் சொன்னேன். அவள் எடுத்தது எதை? மணமக்கள் தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, ஒன்றோடு ஒன்று உரசி இனிப்பைச் சொரிவோமே, அந்தச் சர்க்கரைக் கூம்புகள் இரண்டை. நீலத்தாள் சுற்றியபடி, கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு ஷிராஸ் வரை வந்தாள். அகதி முகாமில் அரிசிக்கு அடையாளப் புத்தகம் கேட்டார்கள். எங்களிடம் சர்க்கரைதான் இருந்தது.

ஊரைக் காக்க ஜாசிம் தங்கிவிட்டான். நாற்பதாம் நாள், ஜாசிமோடு நின்று போரிட்ட பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், கையில் கட்டோடு எங்கள் கூடாரத்துக்கு வந்தான். வாய் திறந்தான். அதற்குள் நுஸ்ரத் முந்திக்கொண்டாள்.

"சாப்பிட்டியா தம்பி?"

"இல்லக்கா."

அவனை வேறு கேள்வி கேட்காமல், ஒரு கூம்பின் நீலத்தாளைப் பிரித்தாள். உடைத்தாள். தேநீர் கொடுத்தாள். செய்தி சொல்ல வந்தவன் மூன்று குவளை குடித்துவிட்டு அழுதான். ஜாசிம் இனி வரமாட்டான் என்று, உடைத்தபோதே அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பையன் யார்? இன்று என் சம்பந்தி. மந்தனி, மேடை மரியாதையை மறந்து நீ என்கிறேன், பொறுத்துக்கொள். அந்தத் தேநீர் இனித்ததா என்று உன்னை நான் இன்றுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

போர் வராது என்று சொல்ல நான் யார்? வரலாம். வந்தால் நாம் தடுத்துவிட முடியுமா? முடியாது. ஆனால் ஓட வேண்டி வந்தால் என் பேத்தி உன் மகனோடு ஓடட்டும். ஒளிய வேண்டி வந்தால் ஒரே சுவருக்குப் பின்னால் ஒளியட்டும். அழ வேண்டி வந்தாலும், அழுவதற்கு உரிமை உள்ளவளாக அழட்டும். என் தங்கைக்கு நான் அந்த உரிமையையும் கொடுக்கவில்லை. அவளை மனைவி என்றும் யாரும் சொல்லவில்லை, விதவை என்றும் யாரும் சொல்லவில்லை. "தள்ளிப்போனவள்" என்றார்கள். தள்ளி வைத்தவன் நான். நுஸ்ரத், இதை வீட்டில் சொல்ல எனக்கு நா எழவில்லை. இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். தப்பு என்னுடையது தாயே.

என்ன, அவள் தலையாட்டுகிறாள். "போதும், உக்காருண்ணே" என்று பொருள். இன்னும் கொஞ்சம்தான்.

மந்தனி எழுந்துவிட்டார். பேசுங்கள்... அவர் குரல் உங்களுக்கு எட்டவில்லை, நானே சொல்கிறேன். "சர்க்கரைக் கூம்பை யாரு உரசுறது?" என்று நுஸ்ரத்தைப் பார்த்துக் கேட்கிறார். என் மக்களே, சம்மதத்தை இதைவிட அழகாக யார் சொல்லிவிட முடியும்?

பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. கணவனோடு வாழ்ந்தவள் கைதான் உரச வேண்டுமாம். பொறுங்கள், மாப்பிள்ளையின் தாய் ஸதீகா பதில் சொல்கிறாள்.

"எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு தலையில நுஸ்ரத் அக்கா கைதான் உரசணும். கை வலிச்சா நான் பிடிச்சுக்கறேன்."

மீதமிருக்கும் அந்தக் கூம்பு இருபத்தெட்டு வருடமாக எங்கள் பெட்டியில் இருக்கிறது. இன்னொன்றை மந்தனி வாங்கி வரட்டும். பழையதும் புதியதும் உரசட்டும்.

இடம் தந்த தலைவருக்கும், இருந்து கேட்ட உங்களுக்கும், இசைந்த சம்பந்திக்கும் என் நன்றி. அனைவரும் வியாழக்கிழமை வந்துவிடுங்கள். மீன் வேகாவிட்டாலும் வந்துவிடுங்கள். சலாம்.