சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மெயின் சுவிட்ச்

மேலே எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்து மூன்று. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். இறந்துபோனவர் என் கணவர், பஸ் டிரைவர். என் மாமனார் கட்டிய வீட்டின் இடது பாதியில் நாங்கள் இருந்தோம். வலது பாதியில் என் கணவரின் அண்ணன், தபால்காரர், தன் மனைவியுடன் இருக்கிறார். அவர் மனைவி எனக்கு ஓரகத்தி, அக்கா என்று கூப்பிடுவேன். பகையை மனதில் வைத்து வேண்டுமென்றே மெயினைப் போட்டு என் கணவரைக் கொன்றுவிட்டார் என்று அக்கா மீது என் நாத்தனார் புகார் கொடுத்திருக்கிறார். அது பற்றிப் போலீசார் விசாரித்ததில் நான் சொல்வதாவது.

வீட்டைப் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பினார்கள், வயரைப் பிரிக்கவில்லை. மெயின் சுவிட்ச் அண்ணன் பக்கமே நின்றுவிட்டது. எங்கள் பக்கம் எந்தக் கரண்ட் வேலை என்றாலும் அவரிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். அதனால் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. சண்டை வந்தது மாடியில் துணி காயப்போடும் கொடியால். நான் தைக்க வாங்கியிருந்த துணி மேல் அக்கா ஈரப் போர்வையைப் போட்டார், நான் ஒன்று சொன்னேன், அவர் இரண்டு சொன்னார், அதோடு பேச்சு நின்றது. "ஒரு வீட்டுக்கு ரெண்டு மகாராணிங்க, நாங்க ரெண்டு பேரும் தூதுவனுங்க" என்று என் கணவர் கேலி செய்வார். பகை என்று நாத்தனார் சொல்வது இதைத்தான். வேறு எதுவும் இல்லை.

வீட்டுப் பின்பக்கச் சந்து இருவருக்கும் பொது. போன வாரம் அக்கா அங்கே இருட்டில் தடுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் என் கணவர் சந்தில் ஒரு விளக்கு போட்டே தீருவது என்று விளக்கும் வயரும் வாங்கி வந்தார். எங்கள் கூடத்தில் நடுச்சுவரில் உள்ள பிளக் பாயிண்டிலிருந்து வயர் எடுத்து, அதே சுவர் ஓரமாகக் கொண்டுபோய்ப் பின்கதவுக்கு மேல் வெளியே விடுவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை துளை போட்டு முடித்தார். மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி துளையை வெளிப்பக்கம் சரிவாகப் போட்டார். அதன் பிறகு சந்தில் நின்று, "அண்ணா, மெயினை இறக்கிட்டு அங்கயே நில்லு" என்றார். அதற்கு அண்ணன், "நான் நிக்கிறேன்டா, அவசரக்குடுக்கை, நீ முதல்ல ஏணியில ஒழுங்கா நில்லு" என்றார். அக்கா அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

மெயின் இறங்கியதும் மின்விசிறி நின்றது. என் கணவர் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், எரியவில்லை. பிளக் பாயிண்டைக் கழற்றி வயரை அதில் சேர்த்து மூடினார். மறுமுனையைத் துளை வழியாக வெளியே விட்டு, ஏணியில் ஏறி வயரின் நுனியைச் சீவினார். விளக்குப் பக்கத்தை முதலில் முடித்துவிட்டுப் பிளக் பக்கத்தைக் கடைசியில் சேர்த்திருந்தால், ஏணியில் நிற்கும்போது மெயினை யார் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று மின்சார அலுவலகத்திலிருந்து வந்தவர் பிறகு சொன்னார். அப்போது எங்களுக்கு அது தெரியாது.

அதன் பிறகு, விளக்கின் அடியில் வைக்கிற ரப்பர் வளையம் பெட்டியில் இல்லை என்று என் கணவர் குரல் கொடுத்தார். அண்ணன், தெருமுனைக் கடையில் வாங்கி வருவதாகச் சொல்லிச் சைக்கிளில் போனார். மெயின் இறக்கியிருப்பதை அக்காவிடம் அவர் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சும்மா நிற்பானேன், வயருக்குக் கிளிப் அடி என்று என் கணவர் சொன்னதால், நான் கூடத்தில் சுத்தியலை எடுத்து நடுச்சுவரில் கிளிப் அடித்தேன். ஒரு கிளிப்புக்கு இரண்டு அடி.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் மோட்டார் சுவிட்சும் அவர்கள் பக்கம்தான். பேச்சு நின்ற பிறகு, எங்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் நான் நடுச்சுவரில் இரண்டு தட்டு தட்டுவேன், அக்கா மோட்டாரைப் போடுவார். தொட்டி நிறைந்ததும் ஒரு தட்டு, நிறுத்திவிடுவார். கோபம் இருந்தாலும் ஒருநாள்கூட அவர் போடாமல் இருந்ததில்லை. அன்று மாடியிலிருந்து இறங்கியவர் காதில் என் சுத்தியல் சத்தம் விழுந்திருக்கிறது. மோட்டாரைப் போட்டார், ஓடவில்லை. அந்த மெயின் அடிக்கடி தானாக விழும். விழுந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிவிட்டார்.

கூடத்தில் மின்விசிறி சுற்றியது. எனக்கு வேர்த்திருந்தது, காற்று முகத்தில் பட்டதும் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஏணி விழுந்த சத்தம் கேட்டது. நான் சந்துக்கு ஓடினேன். என் கணவர் கீழே கிடந்தார், வயர் கையில் இருந்தது. தொடக் கூடாது என்று தெரிந்ததால் தொடவில்லை. "அக்கா, மெயினை இறக்குங்க" என்று கத்தினேன். உடனே இறக்கிவிட்டு ஓடி வந்தார். இருவரும் சேர்ந்து அவரைப் புரட்டினோம், அக்கா அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். அண்ணன் ரப்பர் வளையத்தோடு வந்து நின்றார். ஆம்புலன்சில் கொண்டுபோனோம். உயிர் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்து, "நீ தட்டினேதானே? எனக்குக் கேட்டுச்சே" என்றார். நாத்தனாரும் உறவினர்களும் சுற்றி நின்றார்கள். என் கணவரைக் கொன்ற சத்தம் என் கையிலிருந்து போனது என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. நான் பேசாமல் இருந்தேன். அக்கா கதை கட்டுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். புகார் அதிலிருந்துதான் வந்தது.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு, அக்கா வராந்தாவில் கேட்டதற்கான பதிலை இதில் எழுதிக்கொள்ளும்படி சொன்னேன். ஆமாம் அக்கா, நான்தான் தட்டினேன்.

(கையொப்பம்)