ஒரிஜினலுக்கு எங்க வூட்ல ராசியில்ல

...ஒரிஜினல்னா வாயத் தொறக்கணுமா வேண்டாமா, நீயே சொல்லு தம்பி. இத்தாம் பெரிய கிட்டாருப் பொட்டிய டவுன் பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு இண்டூர்ல இருந்து வர்றேன். கண்டக்டரு, பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட் இல்ல, இதுக்கு லக்கேஜ் போடணும்ங்கறான். எம் மடியில இருக்குது, ஒரு சீட்டு அடைக்கல, ஒருத்தர் காலை மிதிக்கல, இதுக்கு எதுக்குய்யா லக்கேஜுன்னு நானு கேக்கறேன். பாதி பஸ்ஸு எம் பக்கம், பாதி பஸ்ஸு அவன் பக்கம். கடசியில போட்டுட்டுத்தான் வுட்டான். சரி அத வுடு. அந்த ஃபேன கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு.

என்னயத் தெரியலயா? போன மாசம் வந்தேனே, பாஞ்சாலி. எங்க வூட்டுக்காரரு மாது வெளியவே நின்னுக்கிட்டு போலாம் போலாம்னாரு, நானு உள்ள வந்து ரெண்டு கிட்டார மாத்தி மாத்திப் பாத்தேன். ரெண்டும் செவப்பு. ஒண்ணு ஒரிஜினலு. இன்னொண்ணு அதே மாதிரி, ஆனா அது இல்ல. நீ கூட சொன்ன, இதே போதும்மா, இதுவும் நல்லாத்தான் பாடும்னு. நாந்தான் உன்னய மொறச்சேன். மாப்ளைக்கு தல ஆடிக்கு வெக்கறது தம்பி, அதுல போயி டூப்ளிகேட்டு வெக்க முடியுமா? ஆங், இப்ப உனக்கு ஞாவகம் வந்துருச்சு. அந்த மொறப்ப யாரும் மறக்க மாட்டாங்க.

எம் பொண்ணு காவியாவ அதியமான்கோட்டையில குடுத்துருக்குது. மாப்ள இளம்பரிதி, ஹைவேஸ் மேல டயர் கடை வெச்சுருக்காரு. பகலெல்லாம் லாரி டயரு, சாயங்காலமானா ஆர்கெஸ்ட்ரால கிட்டாரு. தங்கமான புள்ள. சோத்துல கல்லு கெடந்தா கூட சத்தமில்லாம ஓரமா எடுத்து வெச்சுட்டு, ‘நல்லாருக்கு அத்த’ம்பாரு. அவருகிட்ட ஏற்கெனவே ஒரு கிட்டாரு இருக்குது, டூப்ளிகேட்டு. முனையில பேந்து போயி, அதுல இன்சுலேஷன் டேப்பு சுத்தி... அதத் தூக்கிட்டு அவரு மேடை ஏறுனா எனக்கு வவுறு எரியுது. போன வருசம் எங்க ஓரகத்தி கண்ணம்மாளு, எங்க வூட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம், அவ மாப்ளைக்கு பைக்கு வாங்கிக் குடுத்தா. வாங்கிக் குடுத்தது கூடப் பரவால்ல தம்பி. எங்கள வெச்சுக்கிட்டே, உங்க மாப்ளைக்கு என்னா பாஞ்சாலி, ஒட்டுப் போட்ட கிட்டாரே போதுமேன்னா. அன்னிக்கி முடிவு பண்ணேன், வாங்குனா ஒரிஜினல்தான்னு.

வாங்குனேன். வூட்டுக்குக் கொண்டுபோயி மொறப்படி என்னென்னா செய்யணுமோ எல்லாஞ் செஞ்சேன். ஆடி ஒண்ணு அன்னிக்கி மாப்ள வந்தாரு, விருந்து சாப்ட்டாரு, தாம்பாளத்துல வெச்சுக் குடுத்தேன். கண்ணம்மாளு பல்லக் கடிச்சுக்கிட்டு நல்லாருக்குன்னா. மாப்ள அத, தான் கொண்டாந்த பாட்டுப் பொட்டியில, அதான் ஆம்பு, அதுல மாட்டுனாரு. ஒயரு முழுசா உள்ள போவல. அமுக்குனாரு. ‘கொர்ர்’னுச்சு. அவ்ளோதான். கம்பிய இழுத்து இழுத்து வுடறாரு, ஒண்ணுமே இல்ல. அப்பறம் தன்னோட பழசு டேப்பு சுத்துனத மாட்டுனாரு பாரு, ஒரு இழுப்புக்கு எங்க வூட்டு சிமெண்ட் அட்டக் கூரையே அதுருது. டூப்ளிகேட்டு பாடுது, ஒரிஜினலு உம்முன்னு கெடக்குது. கண்ணம்மாளு அப்ப சிரிச்சா பாரு, பைக்கு வாங்குன அன்னிக்கி கூட அப்பிடிச் சிரிக்கல.

அவரு கோவிச்சுக்கல. செல்லுல லைட்டப் போட்டு, இந்த ஒயரு சொருகற ஓட்ட இருக்குதே, அத எட்டிப் பாத்தாரு. மூக்க வெச்சு மோந்தாரு. லேசா சிரிச்சாரு. ‘பரவால்ல அத்த, மாரியம்மன் பண்டிகைக்குப் பழசையே எடுத்துக்கறேன், இது பூஜ ரூம்லயே இருக்கட்டும்’னாரு. எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு. நாம வாங்கிக் குடுத்தது அவருக்கு எளப்பமாப் போச்சேன்னு ரெண்டு நாளு நானு சரியாவே சாப்புடல. மூணாவது நாளு நல்லா சாப்ட்டேன், அது வேற.

உனக்கு ஒண்ணு சொல்றேன் கேளு. இது உங் கடை தப்பு இல்ல. எங்க வூட்டுக்கு ஒரிஜினல் ஆவறதில்ல தம்பி. ராசி. டிவி வாங்குனோம், நல்ல டிவி. வந்த அன்னிக்கே ரிமோட்டு செத்துப் போச்சு. மிக்சி, அதுவும் ஒரிஜினலு, பூஜ எல்லாம் போட்டு பிளக்க மாட்டுனா ‘டப்’புன்னு ஒரு சத்தம், எம் மூஞ்சிக்கு நேரா பொக. வூட்டுக்காரரு விரலால தடவற டச்சு செல்லு ஒண்ணு வாங்கியாந்தாரு. தாம்பாளத்துல வெச்சு நல்லா கும்புட்டுத்தான் எடுத்துக் குடுத்தேன், ஒரு வார்த்த பேசலியே அது. டிராக்டரு ஒண்ணுதான் தப்பிச்சுது. ஆனா பாரு, சந்தையில ஒரு சைனா ரேடியோ வாங்குனோம், மாட்டுக் கொட்டாயில மாட்டி வெச்சோம், அதுக்குன்னு ஒரு பொட்டு கூட யாரும் வெக்கல. இன்னிய வரைக்கும் பாடுது. மாடு சாணி போட்டாலும் பாடுது. இதுக்கு என்னா சொல்ற நீ? டூப்ளிகேட்டுன்னா எங்க வூட்டுக்கு உசுரு, ஒரிஜினலுன்னா சாவு.

அதனால நானு என்னா கேக்கறேன்னா... இங்க கிட்ட வா. உங் கடையில அந்த இன்னொரு செவப்பு இன்னும் தொங்குது பாரு. இத நீ எடுத்துக்க, அத எனக்குக் குடு. ரெண்டும் ஒரே செவப்புத்தானே, யாரு கண்டா. இன்னிக்கி எங்கூரு மாரியம்மன் பண்டிகையில மாப்ள வாசிக்கறாரு. ஊரே உக்காந்திருக்கும், கண்ணம்மாளு மொத வரிசையில சேரு போட்டு உக்காந்திருப்பா. அவரு அந்த டேப்பு சுத்துனதத் தூக்கிட்டு ஏறுனாருன்னா நானு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க நிப்பேன்? மாப்ளகிட்ட ரிப்பேர் பண்ணிட்டேன்னு சொல்லிக்கறேன். ஒரிஜினலக் குடுத்து டூப்ளிகேட்டு கேக்கறேன், உனக்கு லாபம்தானே, அதுக்கு எதுக்கு இப்பிடிப் பாக்கற?

ஏன் தம்பி, எதுக்கு ஸ்க்ரூ ட்ரைவர எடுக்கற? வேண்டாம் வேண்டாம், பிரிக்காத. மாத்திக் குடுன்னா... சரி பிரி. நீ கடக்காரன், உனக்குத் தெரியும்.

எதுக்கு மோந்து பாக்கற?

சந்தன வாசனதான். இருக்காதா பின்ன? புதுப் பொருளு வூட்டுக்குள்ள வந்தா ஒரு பொட்டு வெக்காம யாராவது எடுப்பாங்களா? நீ உங் கடைக்கு ஆயுத பூஜ போடறதில்ல? அதேதான். இங்க கம்பிக்குக் கீழ ஆறு ஆறா புள்ளி இருக்குது பாரு, அதப் பாத்தா கண்ணு மாதிரியே இருந்துச்சு. ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம வுட்டா நல்லாருக்காதுன்னு எல்லாத்துக்கும் சந்தனம், மேல குங்குமம். திருவுற குமிழுக்கும் வெச்சேன். மொகம் மாதிரி வந்துருச்சு. நானே கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

தண்ணியா? தெளிச்சேன். மஞ்சத் தண்ணி லேசா தெளிச்சேன், மாவெலயில.

...இல்ல, இப்பிடி ஊத்துனேன். கையில அள்ளித்தான். சும்மா ரெண்டு கையி.

என்னயவே பாக்காத தம்பி. ஒரு சொம்பு. சரியா? ஒரே ஒரு சொம்பு. வூட்ல இருக்கறதுலயே பெரிய சொம்புன்னு வெச்சுக்க. அப்பறம் பாலு ஒரு டம்ளரு. பாலு நம்ம வூட்டு மாட்டுப் பாலு, தண்ணி கலக்காதது, அதுல ஒண்ணும் கெடுதல் வராது. தொடச்சேன்ல, தேங்காப் பூ துண்டுல நல்லா அழுத்தித் தொடச்சேன். உள்ள போயிருக்கும்னு எனக்கு என்னா தெரியும், மரந்தானே.

அரிசியா? எடு எடு. அது அட்சத. மாப்ள நல்லாருக்கணும்னு போட்டது. அதுக்குள்ள எப்பிடிப் போச்சோ.

இப்ப எதுக்கு அந்த இடுக்கிய எடுக்கற? ஒயரு ஓட்டையில என்னா இருக்குது? மெதுவா, மெதுவா... என்னா அது, குச்சியா?

...

அது ஊதுவத்திக் குச்சி தம்பி.

நாந்தான் சொருகுனேன். வேற எங்க சொருகறது, சொல்லு? பூஜ பண்றேன், ஊதுவத்தி கையில எரிஞ்சுக்கிட்டு இருக்குது, வாழப்பழத்துல சொருகலாம்னா பழத்த எங்க வூட்டுக்காரரு தின்னுட்டாரு. பாத்தா, கிட்டாருலயே அளவா ஒரு ஓட்ட. அடேங்கப்பா, வெளிநாட்டுக்காரன் கூட நம்ம பூஜைக்குன்னு பாத்து வுட்டுருக்கானே, ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்னு நெனச்சேன். எரிஞ்சு முடிஞ்சதும் புடுங்குனேன், பாதி வந்துச்சு. மீதி சாம்பலாப் போயிருக்கும்னு வுட்டுட்டேன்.

இரு தம்பி. இரு. ஒரு நிமிசம் எங்கிட்டப் பேசாத.

அந்த ரிமோட்டயும் நாந்தான் கழுவுனேன். மிக்சிக்கு மேல தேங்கா ஒடச்சேன். அந்த செல்லு... தாம்பாளத்துல வெச்சு... அதுக்குப் பாலு, தேனு ரெண்டும். டிராக்டரு எத்தன கொடம் ஊத்துனாலும் தாங்கும், அதனால தப்பிச்சுது. ராசி ராசின்னு வாஸ்து பாக்கறவன கூட்டியாந்து, அவன் பேச்சக் கேட்டு வூட்டு வாசப்படிய வேற மாத்திக் கட்டுனோம். அப்ப வாசப்படி மேல தப்பு இல்ல.

மாப்ளைக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு, இல்ல? லைட்டப் போட்டுப் பாத்தாரே. மோந்தாரே. கண்ணம்மாளு பக்கத்துலயே நிக்கறா. ஒரு வார்த்த, ‘அத்த, இதுல ஊதுவத்தி இருக்குது’ன்னு சொல்லிருந்தாருன்னா, ஊரு பூரா இந்நேரம் என்னய ஊதுவத்தி பாஞ்சாலின்னு கூப்புட்டுருக்கும். அவரு சொல்லல. சோத்துல கெடந்த கல்லு மாதிரி என்னயும் ஓரமா எடுத்து வெச்சுட்டு, பரவால்ல அத்தன்னுட்டாரு. நானு அவரு எளப்பமா நெனச்சாருன்னு அழுதேன் தம்பி. வெக்கமா இருக்குது எனக்கு. பைக்கு வாங்கிக் குடுத்தா மட்டும் இந்த மாதிரி மாப்ள கெடச்சுருவாரா அவளுக்கு.

அதென்னா, பொண்ணுங்க முடி காய வெக்கற மிஷினா? காட்டு காட்டு, நல்லா உள்ள காட்டு. அந்த மூலையிலயும் காட்டு. மஞ்சா கொஞ்சம் அங்க ஒட்டிக்கிட்டு இருக்குது. ஸ்பிரிட்டா, தொட. ஒயர மாட்டு. மாரியாத்தா... மாட்டு.

...

அடி ஆத்தா. பாடுது.

இன்னொரு தடவ. இன்னொரே ஒரு தடவ. கேக்குதா, ரெண்டுக்கும் எம்புட்டு வித்தியாசம்? மாப்ளயோட பழசு அதுருது, இது பேசுது. கண்ணுல தண்ணி வந்துருச்சு பாரு எனக்கு. இன்னிக்கி இது மேடை ஏறட்டும், மொத வரிசையில இருக்கற சேரு ஆடிப் போயிரும். இனிமே இது மேல ஒரு சொட்டுத் தண்ணி படாது. மாரியாத்தா மேல ஆணையா படாது. பொட்டியில போட்டுப் பூட்டு, சாவிய மாப்ளகிட்டவே குடுத்தர்றேன்.

ஆனா தம்பி... ஒண்ணு யோசிச்சேன். பண்டிகைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணுமே செய்யாம வெறுமனே எப்பிடி அனுப்பறது? எல்லாக் கண்ணும் அது மேலதான் இருக்கும், கண்ணம்மாளு கண்ணு ஒண்ணே போதும். எனக்கும் மனசு கேக்காது. அதனால கோயில்ல எப்பிடி? மூலவரு உள்ள இருப்பாரு, பாலு, தேனு, சந்தனம், அபிஷேகம் எல்லாம் அவருக்கு. உற்சவரு ஊருக்குள்ள போவாரு. ரெண்டும் ஒரே சாமிதானே? அதே மாதிரிதான். இந்த ஒரிஜினலு ஊருக்குள்ள போவட்டும். அங்க தொங்குதே, அந்த டூப்ளிகேட்டையும் எறக்கு, பூஜ ரூமுக்கு. எங்க எந்திரிச்சுப் போற? உள்ள போயி சிரிக்காம இங்கயே சிரி, நானு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

அந்தச் செவப்பு வேண்டாம் தம்பி. தண்ணி தாங்கறதா ஒண்ணு எடு.