திரும்பி வரும் எழுத்து

பெரில்: டெஸ், ஓடி வா! மறுபடி பதில் வந்திருக்கு!

டெஸ்: என்ன... என்ன வந்திருக்கு அண்ணி?

பெரில்: 'எங்க இருக்கே'ன்னு ரேடியோவோட இணைச்ச கம்ப்யூட்டர்ல தட்டினேன். 'எங்க இருக்கே'ன்னே திருப்பி அனுப்பறான் உங்கண்ணன். இறால் பிடிக்கப் போனவன் புயல்ல மாட்டிக்கிட்டும் கிண்டலை விடல பாரு.

டெஸ்: ம்...

பெரில்: என்னடா ம்? உன் பையனும் அதே போட்லதான் இருக்கான். சந்தோஷப்படாம பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?

டெஸ்: கூரைத் தகரம் அடிச்சுக்குது... அதான்.

பெரில்: காலையில இந்தப் பெட்டி மூச்சே விடல. ரேடியோவை இதோட இணைக்கற அந்த சீரியல் கார்டை நீ மாத்தினே, பேச ஆரம்பிச்சிடுச்சு. கைராசிக்காரன்தான்.

டெஸ்: அண்ணி... மீட்புப் படகுக்காரங்க போன் பண்ணாங்களே. என்ன சொன்னீங்க?

பெரில்: டீ ஆறுது, குடி.

டெஸ்: மெர்வ் அண்ணன் பேசறான்னு சொல்லிட்டீங்களா? ஐயோ, நம்ம போட்டை விட்டுட்டு வேற பக்கம் போயிடுவாங்க!

பெரில்: போகட்டுமே. நமக்குத்தான் பதில் வருதே...

டெஸ்: வரல அண்ணி! எதுவுமே வரல!

பெரில்: சொல்லு.

டெஸ்: கம்ப்யூட்டரை அணைச்சா கேசட் டேப்லேர்ந்து புரோகிராம் எல்லாம் மறுபடி ஏத்தணுமேன்னு... அணைக்காமலே கார்டைப் பிடுங்கிட்டேன். கார்டும் போச்சு, ரேடியோவும் போச்சு. வேற கார்டு போட்டு, வேலை செய்யுதான்னு பாக்க ஒரு சோதனை பிளக் மாட்டினேன். நாம தட்டறதை அது நமக்கே திருப்பும். அதுக்குள்ள நீங்க பாத்துட்டு, பதில்னு கத்தி அழுதீங்க... எப்படிச் சொல்றது?

பெரில்: உக்காருடா.

டெஸ்: போனை எடுங்க அண்ணி!

பெரில்: அவங்க கிளம்பியாச்சு. நம்ம போட்டைத் தேடித்தான். ஒரு தகவலும் இல்லன்னுதான் சொன்னேன்.

டெஸ்: அப்ப... உங்களுக்கு...

பெரில்: ரெண்டாவது தடவையே தெரிஞ்சு போச்சு. உங்கண்ணன் என்னைக்குடா எழுத்துப் பிழை இல்லாம தட்டியிருக்கான்?

டெஸ்: அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்...

பெரில்: நீ நம்பிட்டிருக்கேன்னு நினைச்சேன். ஒத்தப் பிள்ளை உனக்கு. கெடுக்க மனசு வரல... பயமா இருக்குடா டெஸ்.

டெஸ்: எனக்கும்தான்... அந்தப் பிளக்கைக் கழட்டிடறேன்.

பெரில்: இரு, கழட்டாத. 'வந்துக்கிட்டிருக்கோம்'னு ஒரே ஒரு தடவை தட்டிக்கறேன். அதுவும் திரும்பி வரும்ல.