வெறுந்தரையில் இடித்த மெஷின்

ராத்திரி பத்து மணி தாண்டியிருக்கும்... முதலிபாளையம் எஸ்டேட் ரோடு. கடைசி ஷிப்ட் வண்டியும் போயாச்சு. ரெண்டு பக்கமும் பூட்டின கம்பெனிங்க. லைட்டு ஒண்ணு எரியும், ஒண்ணு எரியாது. அந்த ரோட்டுல ஒரு பொம்பளை தனியா நடந்து போறாங்க.

நம்ம முனீசோட சின்னம்மாதான். அனுசுயாக்கா. இந்தா, முனீஸ் இங்கதான் உக்காந்திருக்கான். தப்பாச் சொன்னா அவனே சொல்லட்டும். ரெண்டாயிரத்து ஏழு வாக்குல நடந்தது இது.

அக்காவுக்கு ஒரு பனியன் கம்பெனியில ராத்திரி கூட்டுற வேலை. பகல் முழுக்க தையல் ஓடும். ஆளுங்க போனப்புறம் தரை பூராம் பஞ்சும் நூலும். புருசன் விட்டுட்டுப் போன பிறகு அக்காவுக்கும் மக ஆஷாவுக்கும் அந்த வேலைதான் சோறு.

முதலாளி நாச்சிமுத்து அந்த வருசம் வெளிநாடு போயி ஒரு மெஷின் வாங்கிட்டு வந்தாரு. வட்டமா, தட்டையா, இட்லிச் சட்டி மூடி அளவுக்கு. பட்டனை அமுக்கினா தானாப் போயி தானாக் கூட்டும். ரோபோவாம். அக்கா தன் கையில இருந்த வெளக்கமாத்தையும் அதையும் மாறி மாறிப் பாத்தாங்க.

"பயப்படாத அம்மிணி" என்னாரு. "இது உன்ற வேலையப் புடுங்காது. இதுக்குக் கண்ணு கெடையாது. போயி இடிச்சாத்தான் செவுருன்னே தெரியும். நூலு சிக்குனா நின்னுக்கும். நீ கூடவே இருந்து பாத்துக்க."

நெசந்தான். நூல் சிக்கினா 'பீப்... பீப்...'னு கத்தும். அக்கா கவுத்துப் போட்டு, அடியில சுத்தின நூலைப் பிடுங்கி விடுவாங்க. முன்னாடி ஒரு வளைஞ்ச பட்டை இருக்கும். எதுலயாச்சும் இடிச்சா அது உள்ள அமுங்கும். டக். திரும்பிரும். நாற்காலிக் காலா... டக். செவுரா... டக். அவ்வளவுதான் அதோட அறிவு. பாவமாக்கூட இருந்துச்சாம் அக்காவுக்கு.

ஒரு நாள் செக்கிங் ஹால்ல ஓட விட்டாங்க. தைச்ச பனியனைப் பழுது பாத்து, நூல் பிசிறு வெட்டுற ஹால் அது. மேசையெல்லாம் ஓரமாத் தள்ளிக் கிடக்கு. நடுவுல வெறுந்தரை. மெஷின் நேரா நடுவுக்குப் போச்சு.

டக்.

அக்கா நிமிந்து பாத்தாங்க. ஒண்ணுமில்ல. அது திரும்பி வேற பக்கம் போச்சு... டக். அக்கா கிட்டப் போயி குனிஞ்சு பாத்தாங்க. எதிர்ல காத்துதான். ஆனா பட்டை... நல்லா உள்ள அமுங்குது.

காலையில முதலாளிகிட்டச் சொன்னாங்க. அவரு தன் ரூம்லயே ஓட விட்டுப் பாத்தாரு.

"நல்லாத்தான ஓடுது?"

"அந்த ஹால்ல ஓட விட்டுப் பாருங்க முதலாளி."

"ஆளில்லாத ஹால்ல என்ன அம்மிணி இருக்கப் போவுது?" சொல்லும்போது அவரு அக்கா முகத்தைப் பாக்கல.

அன்னிக்கு ராத்திரி மெஷின் ஹால் நடுவுல மாட்டிக்கிச்சு. முன்னாடி டக். திரும்பினா டக். இந்தப் பக்கம் டக், அந்தப் பக்கம் டக்... ஒரு முறம் அளவு இடத்துக்குள்ளயே சுத்துது. சுத்தி யாரோ தோளோட தோள் ஒட்டி நின்னு அதை வேடிக்கை பாக்குற மாதிரி. பீப்... பீப்...

ஓடிப் போயிரலாம். ஆனா மெஷினுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வேலை போயிரும். அக்கா வாசப்படியில நின்னு கையைக் கூப்பினாங்க.

"யாரா இருந்தாலும்... கொஞ்சம் வழி விடுங்க. என் பொழப்பு அது."

சத்தம் நின்னுச்சு. மெஷின் நேரா, ஒரு டக்கு கூட இல்லாம, அக்கா காலடிக்கு வந்துச்சு.

மறுநாள் அக்கா சொல்லிட்டாங்க... "நீங்க வந்து பாத்தாத்தான் முதலாளி, இனி நான் அந்த ஹாலுக்குள்ள போவேன்."

வந்தாரு. அவரே பட்டனை அமுக்கிட்டு நடு ஹால்ல போயி நின்னுக்கிட்டாரு. மெஷின் இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் சமத்தா ஓடுது. நடுவுல எங்கயும் இடிக்கல. "பாத்தியா அம்மிணி?"ன்னு சிரிச்சாரு.

அப்பத்தான் மெஷின் அவரு பக்கம் திரும்பிச்சு. அவரு காலுக்கு ஒரு முழம் முன்னாடியே... டக். வளைஞ்சு இடப்பக்கம் போச்சு. டக். அவருக்குப் பின்னாடி. டக். வலப்பக்கம். டக். அவரைச் சுத்தி ஒரு வட்டம்.

அவரு வாய் சிரிச்சபடியே நிக்குது. கண்ணு மட்டும் கீழ, தன் கையைப் பாக்குது. விரலை யாரோ பிடிச்சா விரியுமே... அந்த மாதிரி விரிஞ்சிருக்கு.

அக்கா எப்படிப் போனாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. சட்டையைப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டு ஹாலைப் பூட்டிட்டாங்க. உள்ள மெஷின் சார்ஜ் தீர்ற வரைக்கும் இடிச்சுக்கிட்டே கிடந்துச்சு. அக்கா அதோட வேலைய விட்டு நின்னுட்டாங்க. இப்ப மங்கலத்துல தறிக்குப் போறாங்க. அந்த ஹாலை அப்புறம் யாரும் திறக்கலயாம்.

அன்னிக்கு வாசல் லைட்டுக்கு அடியில வந்து நின்னாரு முதலாளி. கையை வேட்டியில துடைச்சாரு... திரும்பத் துடைச்சாரு.

"சின்னக் கை அம்மிணி" என்னாரு. "ரொம்பச் சின்னக் கை... நூலு வெட்டுற கத்திரிய இன்னும் வெரல்லயிருந்து கழட்டவே இல்ல."